ஒரே பெயர், இரண்டு மண்: ஒரு நீர்வண்ண ஓவியரின் ஸ்வாட்ச் ஏடு

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு ஒன்றை, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, இரண்டு தாள்களில் வரைந்து ஒட்டினாற்போல மாட்ட வேண்டும். இதுதான் வேலை. இடது தாளில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும், வலது தாளில் மேய்கிற மயிலைக் காளை. செம்மண் தரை மட்டும் இரண்டுக்கும் பொது, ஒரே கோட்டில் ஓட வேண்டும். இடது தாள் தை மாதம் முடிந்தது. நடுவில் வேறு வேலைகள் வந்துவிட, வலது தாளை ஆனிக் கடைசியில்தான் வரைய முடிந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தபோது தரை நடுவில் வெட்டுப்பட்டு நின்றது. இடப்பக்க மண்ணில் வெயில் பட்ட ஆரஞ்சுச் சாயல் இருந்தது. வலப்பக்கம் செங்கல் பொடி கொட்டியது போல் கெட்டியாக, கொஞ்சம் ஊதா தட்டிக் கிடந்தது.

படம் கேட்டவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். ஓவியம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்வார். ஆனால் ஒரே பார்வையில் கேட்டுவிட்டார்: "ஷேடு மாறியிருக்குதுங்களே, லாட் வேறங்களா?"

ஒரே தடவையில் சாயம் ஏற்றிய சரக்குக்கு அந்தத் தொழிலில் லாட் என்று பெயர். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. படத்தை வரைந்தவர் இருபது வருடத்துக்கு மேல் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் நிறத் துண்டுகளை, அதாவது ஸ்வாட்ச்களை, செய்யத் தொடங்கினார். லேபிலிருந்து எதை எடுத்து வந்தார், எதைப் பாதியில் கைவிட்டார், கடைசியில் கையில் நின்றது என்ன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

லேபில் பழகியது

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டின் நிறம் முதலில் லேபில் உள்ளங்கை அகலத் துணியில்தான் பிறக்கிறது. வெளிநாட்டு பையர் ஒரு துணித் துண்டையோ பேன்டோன் என்ற நிறப் பட்டியலின் எண்ணையோ அனுப்புவார். லேபில் ஒவ்வொரு சாயத்தையும் 1 சதவீதக் கரைசலாகக் கரைத்து வைத்திருப்பார்கள். பிப்பெட் என்ற அளவுக் குழாயில் இத்தனை மில்லி சிவப்பு, இத்தனை மில்லி மஞ்சள் என்று அளந்து, எடை போட்ட சிறு துணியில் சாயம் ஏற்றுவார்கள். அதுதான் லேப் டிப். ஏ, பி, சி என்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அனுப்பினால், பையர் ஒன்றை அப்ரூவ் செய்வார். அதற்கப்புறம் டன் கணக்கில் ஓடுகிற துணிக்கெல்லாம் அந்தத் துண்டுதான் சட்டம்.

அனுப்புவதற்கு முன்னால் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளின் குழல் விளக்கு. இரண்டிலும் பொருந்த வேண்டும். பேன்டோனின் பருத்தித் துணி எண்களில் ஒரு கணக்கு உண்டு. 19-4052 என்று ஒரு நீலம் இருந்தால், முதல் இரண்டு இலக்கம் எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்பதைச் சொல்லும். 11 கிட்டத்தட்ட வெள்ளை, 19 நல்ல அடர். அடுத்த இரண்டு எந்த நிறம் என்பது, கடைசி இரண்டு எவ்வளவு தூய்மை என்பது. நிறத்தை இப்படி மூன்றாகப் பிரித்து எண் போடுவதை 1905-இலேயே எழுதி வைத்தவர் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்கர். அவர் ஓவியர், ஓவிய ஆசிரியரும்கூட. ஓவியர் போட்ட பாதையில் சாயப்பட்டறைகள் நடக்கின்றன, ஓவியர்களில் பலருக்குத்தான் அது எட்டவில்லை.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அக்காவுக்கும் வேலை நின்றது. கையில் நேரம் இருந்ததால் நீர்வண்ணம் எடுத்தார். பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறித் திரும்ப ஓடியபோது லேபுக்கும் திரும்பினார், ஆனால் வண்ணத்தை விடவில்லை. இப்போது ஓய்வில் முழுநேரமும் அதுதான். லேபில் ஒரு நூலிழை நிற வித்தியாசத்துக்குத் துணியைத் திருப்பி அனுப்பியவர், சொந்தப் படத்துக்கு ஒரு துண்டுத் தாளில்கூட நிறத்தைத் தேய்த்து வைத்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது வேலைங்க தம்பி, இது ஆசை" என்றார்.

குழாயின் பக்கவாட்டில்

மண் மாறியதற்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தையில் பிழிந்த குழாயிலும் ஆனியில் பிழிந்த குழாயிலும் பெயர் ஒன்றுதான்: பர்ன்ட் சியன்னா. முதல் குழாய் தீர்ந்ததும் கோயம்புத்தூர்க் கடையில் அந்தக் கம்பெனி இல்லாததால் வேறு கம்பெனிக் குழாயை வாங்கி வந்திருந்தார். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த நிறமி எண்ணைப் பார்த்தால், முதலாவதில் பிபிஆர்7, இரண்டாவதில் பிஆர்101. முதலாவது மண்ணிலிருந்து எடுத்துச் சுட்ட பழுப்பு. இரண்டாவது இரும்பு ஆக்சைடு, இன்று பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவது.

இந்த எண்கள் கலர் இண்டெக்ஸ் என்ற பட்டியலிலிருந்து வருகின்றன. பிரிட்டனின் சாயக்காரர் சங்கமும் அமெரிக்காவின் ஜவுளி வேதியியலாளர் சங்கமும் சேர்ந்து நடத்துகிற பட்டியல் அது. அதில் சாயங்களும் உண்டு, நிறமிகளும் உண்டு. கறுப்பு பனியனுக்குப் போடுகிற ரியாக்டிவ் பிளாக் 5 அந்தப் பட்டியலின் பெயர்தான். அக்கா அதைத் தூக்கத்திலும் சொல்வார். ஓவியக் குழாயிலும் அதே பட்டியல் இருப்பதைத்தான் கவனித்ததில்லை. "கடைக்காரருகிட்டப் பேரைச் சொல்லிக் கேட்டேன். நம்பரைச் சொல்லிக் கேக்கோணும்னு தோணல பாருங்க."

இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள், எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும் என்று. போதாது. பிஆர்101 என்ற ஒரே எண்ணுக்குள் கண்ணாடி போல ஊடு தெரிகிற ஆரஞ்சுச் சிவப்பும் இருக்கிறது, தாளை முழுசாக மூடுகிற ஊதாச் சிவப்பும் இருக்கிறது. துகள் எவ்வளவு பெரிது, எப்படிச் சுட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறும். இந்தியன் ரெட், வெனீஷியன் ரெட் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த எண்தான். பிபிஆர்7-இலும் சியன்னாவும் உண்டு, அம்பர் என்ற அடர் பழுப்பும் உண்டு. எண் என்பது ஊர்ப்பெயர் மாதிரி, வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். குழாயிலிருந்து பிழிந்து, நாம் வரைகிற தாளில், நம் தூரிகையால் இழுத்துப் பார்க்காமல் அது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. ஸ்வாட்ச்சின் தேவை அங்கேதான் வருகிறது.

பிப்பெட் உதைத்த கதை

அக்கா முதலில் செய்த ஸ்வாட்ச்கள் அச்சு அசல் ஷேடு கார்டு. ஸ்டாம்பு அளவுச் சதுரங்கள், ஒவ்வொன்றும் சீராகப் பூசியது, ஓரம் பிசிறில்லாமல் வெட்டியது, கீழே எண். பார்க்க அவ்வளவு அழகு. வரையும்போது எதற்கும் உதவவில்லை.

நீர்வண்ணத்தில் ஒரு நிறமி ஒரே நிறமாக இருப்பதே இல்லை. கெட்டியாக இருக்கும்போது ஒன்று, தண்ணீர் கூடக்கூட இன்னொன்று. கெட்டியில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிற தாலோ நீலம், பிபி15, தண்ணீர் விட்டதும் துள்ளிக்கொண்டு வெளியே வரும். காவி (இங்கே மஞ்சள் காவி, யெல்லோ ஓக்கர்) அப்படித் துள்ளாது, அடக்கமாக வெளிறும். சதுரத்தில் சீராகப் பூசிவிட்டால் இந்த ஓட்டம் முழுக்கப் போய்விடும். ஷேடு கார்டுக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் பனியன் துணியில் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதுதான் தரம்.

அடுத்து பிப்பெட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்ற விதம் சுவாரசியமானது. கலவைகளைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வண்ணத்தையும் எடை போட்டுத் தண்ணீரில் கரைத்துச் சின்னப் பாட்டில்களில் வைத்தார். பர்ன்ட் சியன்னா 3 மில்லி, அல்ட்ராமரின் நீலம் 2 மில்லி என்று சொட்டுச் சொட்டாக அளந்து கலந்தார். அதே கலவையை மறுநாள் செய்தால் வேறு சாம்பல் வந்தது. குலுக்கிவிட்டு எடுத்தால் ஒன்று, கொஞ்சம் நின்ற பிறகு எடுத்தால் ஒன்று.

காரணம் எளிது. ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் கரைகிறது. மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து, பருத்தி நாரோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. பிப்பெட்டில் எங்கே எடுத்தாலும் அளவு ஒன்றுதான். நிறமி கரைவதில்லை. அது பொடி. தண்ணீரில் மிதக்கும், அப்புறம் இறங்கும். அல்ட்ராமரின் போன்ற பெரிய துகள் சீக்கிரம் அடியில் போய் உட்காரும், தாலோ போன்ற நுண்ணிய துகள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். தாளில் அதைப் பிடித்து வைப்பது பிசின் மட்டுமே. ஆக, லேபின் அடிப்படைக் கருவியே இங்கே செல்லாது. அக்கா பாட்டில்களைக் கழுவி வைத்துவிட்டு, "சியன்னா தூக்கல், நீலம் துணைக்கு" என்று வாயால் சொல்கிற கணக்குக்கு வந்தார். துல்லியம் குறைந்தது, ஆனால் திரும்பச் செய்யும்போது முன்பைவிட நன்றாகப் பொருந்தியது. தட்டில் கெட்டியாக, கண்ணால் பார்த்துக் கலக்கும்போது கை தானாகச் சரிசெய்துகொள்கிறது.

ஒரு சாண் நீளத் துண்டு

நிலைத்த வடிவம் இதுதான்: படத்துக்குப் பயன்படுத்துகிற அதே 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளின் ஓரத்தில் வெட்டி மீந்தது, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். குறுக்கே தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் ஒரு கோடு. ஒரு முனையில் குழாயிலிருந்து வந்தபடி கெட்டியாக வைத்து, மறுமுனை வரை தண்ணீரால் இழுத்துக்கொண்டே போவது. காய்ந்த பிறகு கறுப்புக் கோட்டின் மேல் நிறம் படிந்து தெரிந்தால் மூடும் வண்ணம், கோடு சுத்தமாகத் தெரிந்தால் ஊடு தெரிகிற வண்ணம். நடுவில் ஒரு இடத்தை ஈரத் தூரிகையால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுப்பார். வெள்ளைத் தாள் திரும்பத் தெரிந்தால் அந்த நிறத்தைப் பின்னால் திருத்தலாம், கறை நின்றால் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். தாலோ நீலம் நிற்கும், அல்ட்ராமரின் பெரும்பாலும் வந்துவிடும்.

ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்ததும் வெளுத்துப்போவது நீர்வண்ணத்தின் பழைய தொல்லை. அதற்குத் தனிச் சோதனை ஒன்றும் வைக்கவில்லை. காய்ந்த துண்டின் பக்கத்தில் அதே கலவையை ஈரமாக ஒரு கோடு இழுத்து இரண்டையும் ஒருசேரப் பார்ப்பார். எவ்வளவு இறங்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

தண்ணீர் சேர்க்கச் சேர்க்க நிறம் என்ன ஆகிறது என்று எழுதி வைப்பது புது யோசனை இல்லை. 1692-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் போகெர்ட் என்பவர் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு தண்ணீரோடு தீட்டிக் கையாலேயே கிட்டத்தட்ட 800 பக்க ஏடு ஒன்றைத் தயாரித்தார். அச்சில் இத்தனை நிறங்களைக் கொண்டுவர முடியாத காலம், ஆகவே இருந்தது ஒரே பிரதி. இதை அக்காவிடம் சொன்னபோது, "அவருகிட்ட எந்தத் தண்ணி இருந்துச்சுன்னு எழுதியிருக்காருங்களா?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை.

தண்ணி

திருப்பூரில் போர் தண்ணி உப்பு. சாயப்பட்டறைக்காரர்கள் அதை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள், கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தைக் கெடுக்கும் என்பதால் கடினத்தன்மையை நீக்கித்தான் லேபுக்கும் விடுவார்கள். ஆனால் வீட்டில் தூரிகை கழுவுகிற டப்பாவில் எந்தத் தண்ணி என்று யார் பார்க்கிறார்கள்? பவானி ஆற்றுக் குழாய்த் தண்ணி வருகிற நாளில் அது, வராத நாளில் போர்.

அக்கா அல்ட்ராமரினை மூன்று தண்ணியில் இழுத்துப் பார்த்தார்: போர், ஆர்ஓ, கோயம்புத்தூரிலிருந்து உறவுக்காரர் பாட்டிலில் கொண்டுவந்த சிறுவாணி. சிறுவாணியும் ஆர்ஓவும் ஏறக்குறைய ஒன்றாக, மழமழவென்று இறங்கின. போர் தண்ணித் துண்டில் நீலம் திட்டுத் திட்டாக, மணல் தூவியது போல உட்கார்ந்தது. உப்புகள் நிறமித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகின்றன. லேபாக இருந்தால் அந்தத் துண்டு குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். இங்கே அதுதான் ஏட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. சியன்னாவோடு கலந்து போர் தண்ணியில் விட்டால், கோடையில் பிளந்து பொரபொரத்துக் கிடக்கிற காட்டுத் தரை தானாக வந்துவிடுகிறது. தூரிகையால் புள்ளி வைத்து அதை உண்டாக்க முடியாது, உண்டாக்கினால் செய்தது போலத் தெரியும்.

லேபின் ஸ்வாட்ச் வித்தியாசத்தை ஒழிப்பதற்கு, ஓவியரின் ஸ்வாட்ச் வித்தியாசத்தைக் குறித்து வைப்பதற்கு. இந்தப் போர் தண்ணித் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது தெளிவானது. அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

மாதமும் அப்படித்தான். சித்திரை வெயிலில் ஒரு வாஷ், அதாவது தண்ணீராக விரித்துப் போடுகிற பூச்சு, முடிவதற்குள் முன்னால் போட்ட பகுதி காய்ந்து ஓரத்தில் கோடு கட்டிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் அதே வேலையைச் செய்யும், தாளையும் தூக்கிக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் தாள் மெதுவாகக் காயும், துகள்கள் நிதானமாக இறங்கித் தாளின் குழிகளில் உட்காரும். ஒரே குழாய், ஒரே தாள், இரண்டு மாதத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு வண்ணம் என்றே சொல்வீர்கள். துண்டின் முதுகில் நிறமி எண், கம்பெனி, தண்ணிக்குக் கீழே தமிழ் மாதமும் காலையா மாலையா என்பதும் எழுதியிருக்கும். ஆங்கிலத் தேதி போட்டால் என்ன என்று கேட்டேன். ஜூலை என்றால் அவருக்குக் காற்று ஞாபகத்துக்கு வராதாம்.

ஜன்னல்

சாய லேபில் நிறம் வெளுக்கிறதா என்று பார்க்க 1 முதல் 8 வரையுள்ள நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடுவார்கள். 1 சீக்கிரம் வெளுக்கும், 8 கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அந்தக் கம்பளி அட்டையும், வெயிலுக்குப் பதிலாக வைக்கிற செனான் விளக்கும் வீட்டில் கிடையாது. துண்டின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடித் தெற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் மாசியில் ஒட்டினார், ஆவணியில் பிரித்தார்.

காவி, சியன்னா, இரும்பு ஆக்சைடு, அல்ட்ராமரின், தாலோ இவற்றில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அலிசரின் கிரிம்சன், பிஆர்83, வெளிறிய முனையில் நன்றாக மங்கியிருந்தது. பளீரென்று ஒளிர்கிற ஒரு ரோஜா நிறம், மாணவர்கள் ஆசையாக வாங்குவது, கிட்டத்தட்ட ஓடிப்போயிருந்தது. வேடிக்கைக்காக ஈரோட்டு மஞ்சளைப் பிசினோடு குழைத்து ஒரு துண்டு சேர்த்திருந்தார். அது முதல் சில வாரங்களிலேயே வைக்கோல் நிறமாகிவிட்டது. மஞ்சள் துணியை வெயிலில் காயப்போட்ட யாருக்கும் இது தெரிந்ததே.

அலிசரின் விஷயம் அவரைக் கொஞ்சம் வருத்தியது. 1868-இல் கிரேபேயும் லீபர்மானும் ஜெர்மனியில் செயற்கையாக உண்டாக்கிய முதல் தாவரச் சாயம் அது. நம் கடற்கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அதே பொருள்தான். படிகாரம் போட்டுத் துணியில் ஏற்றினால் தலைமுறை நிற்கும், தாளில் மெல்லிய பூச்சாகப் போட்டால் நிற்பதில்லை. குழாயை மகள் வீட்டுப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, குவினாக்ரிடோன் ரோஜாவுக்கு, பிவி19-க்கு, மாறினார்.

மயிலையின் சாம்பல்

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஏறக்குறைய ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும். அந்தச் சாம்பலுக்கு அக்காவிடம் இரண்டு கலவை இருந்தது. ஒன்று அல்ட்ராமரினும் சியன்னாவும். இன்னொன்று தாலோ நீலம், ரோஜா, காவி மூன்றும். இரவில் எல்இடி விளக்கின் கீழே இரண்டு துண்டையும் வைத்தால் ஒன்றுதான். காலையில் திண்ணையில் வைத்தால் இரண்டாவது பச்சை அடித்தது.

ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் விலகுவதைச் சாயக்காரர்கள் மெட்டமெரிசம் என்பார்கள். வேறு வேறு நிறமிகள் வெளிச்சத்தின் வேறு வேறு பகுதிகளை விழுங்குவதால் வருவது. கப்பல் ஏறிய சரக்கே இதனால் திரும்பி வந்த கதைகள் திருப்பூரில் உண்டு. லேபிலிருந்து எதையும் மாற்றாமல் எடுத்து வந்தது என்றால் இந்த ஒரு பழக்கத்தைத்தான் சொல்லலாம்: முடிவு செய்வது காலை பத்து மணித் திண்ணை வெளிச்சத்தில், மாட்டப் போகிற இடத்தின் விளக்கில் ஒரு தரம் சரிபார்ப்பு. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

செல்போனில் படம் எடுத்து வைத்தால் ஏடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். போன் ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளையைத் தானே முடிவு செய்துகொள்கிறது. அதே துண்டை நிழலிலும் வெயிலிலும் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால், எனக்கு வந்தது இரண்டு மண்.

கிடைத்த மண்ணிலேயே வண்ணம் செய்துவிடலாமே என்றும் ஒரு கட்டத்தில் இறங்கினார். காங்கேயத்துச் செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் இறங்கியதும் மேல் கலங்கலை வடித்து, தெளியவைத்து, காயவைத்து, பிசினும் துளித் தேனும் விட்டுக் கண்ணாடி மேல் அரைத்தார். அருமையான, கொஞ்சம் முரட்டு ஆரஞ்சு வந்தது. பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் மட்டும் ஏமாற்றியது. வயலில் கறுப்பாகத் தெரிந்தது, தாளில் அழுக்குச் சாம்பலாக வந்தது. அந்தக் களிமண் தண்ணியில் உப்பிக் காயும்போது சுருங்குவதால் பூச்சும் வெடித்தது. செம்மண் துண்டு ஏட்டில் இருக்கிறது, ஆனால் படத்தில் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு முறை தோண்டும்போதும் ஒரு லாட்.

எவ்வளவு போதும்

இனி சொல்லப் போவது என் அபிப்பிராயம், அக்கா முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா வண்ணத்தையும் எல்லா வண்ணத்தோடும் கலந்து கட்டம் போட்டு நிரப்புகிற அட்டைகள் பெரும்பாலும் கண்காட்சிக்குத்தான். 12 குழாய் வைத்திருந்தால் ஜோடி 66. ஒவ்வொன்றையும் மூன்று விகிதத்தில் போட்டால் 198. அக்கா ஆரம்பித்துப் பாதியில் விட்டார். போட்டவற்றில் பிறகு திரும்பிப் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நிரப்புவதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. வேலை நடப்பது போலவும் இருக்கும், படம் கெட்டுப்போகும் பயமும் இருக்காது. அந்த மாதங்களில் அவர் ஒரு படமும் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உதவிய துண்டுகள் எல்லாம் ஒரு கேள்விக்காகப் போட்டவை. மாசி மாதக் கொழுக்கட்டைப் புல்லுக்குக் காவியில் எவ்வளவு நீலம் தாங்கும்? கிளுவை வேலியின் நிழல் செம்மண் மேல் விழும்போது ஊதாவா, பழுப்பா? இப்படிக் கேட்டுப் போட்டவை. ஜோடி அட்டையிலும் தனித் துண்டிலும் அதே நிறமிகள்தான், ஆனால் கேள்வியோடு போட்ட துண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரிகிறது.

அக்காவின் மறுப்பு இது: அந்தக் கட்டங்களைப் போட்டதால்தான் குழாய்கள் குறைந்தன. மூன்று பச்சைக் குழாய் வைத்திருந்தவர், நீலமும் மஞ்சளும் கொடுக்கிற பச்சைகளைப் பார்த்த பிறகு மூன்றையும் ஒதுக்கினார். ஸாப் கிரீன் என்று விற்பது அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் கலவைதான், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செய்முறை. தீர்ந்துபோய் வேறு வாங்கினால் பழைய கதைதான் திரும்பும். இப்போது மேசையில் எட்டுக் குழாய்கள், எல்லாம் ஒற்றை நிறமி. இதில் அவர் சொல்வது நியாயம்தான்.

வலது தாள்

புரட்டாசியில் வலது தாளைப் புதிதாக வரைந்தார். பழைய கம்பெனியின் பிபிஆர்7 குழாய் தேடிப்பிடித்துக் கிடைத்தது. கிடைத்ததும் பிழிந்து வரையவில்லை. முதலில் துண்டு. இடது தாளின் ஓரத்தில் சட்டத்துக்குள் மறையப் போகிற பகுதியோடு ஒட்டிவைத்துப் பார்த்தால், அதே கம்பெனி, அதே எண், அப்படியும் புதுக் குழாய் ஒரு சாயல் கூடுதல் சிவப்பு. துளிக் காவி சேர்த்த இரண்டாம் துண்டு பொருந்தியது. தண்ணி போர்தான், தையில் பயன்படுத்தியதும் அதுவே என்று மண்ணின் திட்டுகளை வைத்து ஊகித்திருந்தார். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தாள் மெதுவாகக் காய்ந்ததால் தையின் அந்த வறட்டு ஓரங்கள் வரவில்லை. அதற்காக மதிய வெயிலில் பலகையை வாசலில் வைத்துக் காயவைத்தார்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இணைப்பு தெரிகிறதா? தேடினால் தெரிகிறது. பனியன் கம்பெனிக்காரர் ஆபீஸ் விளக்கிலும் பார்த்தார், வெளியே எடுத்துவந்தும் பார்த்தார். பழக்கதோஷம். "கமர்ஷியல் மேட்ச் ஓகேங்க" என்று சொல்லி மாட்டச் சொன்னார். முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் சரக்கை ஏற்றலாம் என்பதற்கு அந்தத் தொழிலில் சொல்கிற வார்த்தை அது. ஒதுக்கிய பழைய வலது தாள் அக்காவிடமே இருக்கிறது. அதில் காளை இதைவிட நன்றாக வந்திருந்தது என்பது என் எண்ணம்.

முடியாமல் நிற்பது ஒரு பச்சை. அடுத்து வரைய நினைப்பது மழை விழுந்த முதல் வாரத்துக் கொறங்காடு, புல் முளைத்துத் தரை இன்னும் சிவப்பாகத் தெரிகிற நேரம். காவியும் அல்ட்ராமரினும் போட்டால் மார்கழிப் புல் வருகிறது, ஐப்பசிப் புல் வரவில்லை. தாலோ பச்சையில், பிஜி7-இல், சியன்னாவைச் சேர்த்து அடக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கூடினாலும் வாழைத்தோப்பாகிவிடுகிறது. பிஒய்150 மஞ்சளோடு அல்ட்ராமரினைப் போட்ட துண்டு ஓரளவு கிட்டே வந்திருக்கிறது, ஆனால் அதைப் போட்டது பங்குனியில், ஆர்ஓ தண்ணியில். ஐப்பசியில் மழை பெய்ததும் தாள் துண்டுகளையும் ஒரு பாட்டில் போர் தண்ணியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்ப் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறார். தாள்களை இப்போதே வெட்டிவைத்துவிட்டார்.